மழையில் ரோட்டில் ஏறாதே

மாலை நாலு மணி பத்து நிமிடம். அடுப்பில் பட்டர் பீன்ஸை வேகப் போட்டுவிட்டு அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். அதனால் நேரம் மறக்கவில்லை. சனிக்கிழமை. நாயுடுபுரத்தில் மதியத்திலிருந்தே மழை. எதிர்வீட்டுத் தகரக்கூரை கண்ணுக்குத் தெரியவில்லை, அதன் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. என் மகள் பியூலா. அமெரிக்காவில், கரையை ஒட்டி நீளமாகக் கிடக்கிற ஒரு மணல் தீவில், ஒரு ரிசார்ட்டில் ஓராண்டுப் பயிற்சி வேலையில் இருந்தாள். அங்கே அப்போது விடிகிற நேரம். அந்த நேரத்தில் அவள் கூப்பிட்டதே கிடையாது.

"அம்மா, பயப்படாத. இங்க புயல் வருதாம். தீவையே காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"காலி பண்ணிட்டு எங்க போறதாம்?"

"பாலத்தத் தாண்டி உள்ள போகணும். கடல விட்டு ரொம்ப தூரம்."

"மழை ஆரம்பிச்சிருச்சா?"

"தூறல்தான். காத்துதான் ஜாஸ்தியா இருக்கு."

நான் யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையில்லாத பதில் அது, வாயில் தானாக வந்தது.

"அப்ப ரோட்டுல ஏறாத. இருந்த எடத்துலயே இரு. யாரு கூப்பிட்டாலும் போகாத, கேட்டியா?"

யாரோ பாயை உதறுகிற மாதிரி காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"சரிம்மா," என்றாள். அதோடு லைன் அறுந்தது.

நான் நிம்மதியாகப் போய்ப் பீன்ஸைக் கிளறிவிட்டேன்.

எங்கள் ஊர்ச் சட்டம்

சென்ற வாரம் பள்ளி ஆண்டு விழாவைப் பற்றி எழுதும்போது, அடுத்தது எங்கள் கொடைக்கானல் சீசன் என்று சொல்லியிருந்தேன். சீசனை எழுத உட்கார்ந்தால் இதுதான் முன்னால் வந்து நிற்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு நான் சொன்னதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எங்களுக்கு அது சட்டம். மலையில் பெரிய மழை பெய்தால் முதலில் போவது ரோடுதான். மண் சரியும், மரம் சாயும், மேலேயிருந்து கல் உருளும். வத்தலக்குண்டு ரோடானாலும் பழனி ரோடானாலும் கதை ஒன்றுதான். ஆகவே மழை பிடித்துவிட்டால் யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே நின்றுவிட வேண்டும். கடையில் இருந்தால் கடையில். கல்யாண வீட்டில் இருந்தால் கல்யாண வீட்டில். சட்டத்தை மீறி நனைந்துகொண்டு வீடு வந்து சேருகிறவனுக்கு எங்கள் ஊரில் யாரும் துண்டு எடுத்துக் கொடுக்க மாட்டார்கள், திட்டுத்தான் கொடுப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழனியிலிருந்து திரும்பும்போது எங்கள் பஸ் பெருமாள்மலையில் நின்றுவிட்டது. முன்பின் தெரியாத ஒரு வீட்டில் இரண்டு இரவு தங்கினேன். அந்த வீட்டு அம்மா தன் மகனுடைய ஸ்வெட்டரை எனக்குக் கொடுத்தார். அதில் மண்ணெண்ணெய் வாசனை. என் அப்பாவுக்குப் போன் போட்டு, "உங்க பொண்ணு எங்க வீட்டுல இருக்குங்க, ரோட்டுல இல்ல," என்றார்.

அப்பா அந்த அம்மாவின் பேரைக் கூடக் கேட்கவில்லை. "ரோட்டுல இல்லல்ல, அது போதும்," என்று வைத்துவிட்டார்.

அதே வாக்கியத்தைக் கேட்டு நான் வளர்ந்தேன். என்னிடம் கேட்டு பியூலா வளர்ந்தாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் மழை பிடித்தால், நான் போய்க் கூப்பிடும்வரை வகுப்பு வாசலை விட்டு அசைய மாட்டாள். வேறு எதில் எப்படியோ, மழை விஷயத்தில் அவள் என் சொல்லைத் தட்டியதில்லை.

ஒரு செருப்போடு நின்றவர்

என் கணவர் தேவராஜ் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். வண்டியும் அவருடையதே. அன்று மழைக்குச் சவாரி ரத்தாகி, சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

"பியூலா பேசுனா," என்றேன். "அங்க புயலாம். எல்லாரையும் காலி பண்ணச் சொல்றாங்களாம். நான்தான் ரோட்டுல ஏறாதன்னு சொல்லிட்டேன்."

ஒரு செருப்பைக் கழற்றியவர் மறு செருப்போடு அப்படியே நின்றார்.

"என்னன்னு சொன்ன?"

"இருந்த எடத்துலயே இருன்னு."

"கிரேஸு," என்றார். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். "அங்க மலை எங்க இருக்கு, சரிஞ்சு விழ? அது தீவுடி. தண்ணி வீட்டுக்குள்ள வரும். அங்க ரோடுதான் தப்பிக்கிற வழி. அதைப் போய் அடைச்சிட்டியே."

நான் அடுப்பை அணைத்தேன். எதற்கு அணைத்தேன் என்று தெரியவில்லை. பீன்ஸ் பாதிதான் வெந்திருந்தது.

அவர் போன் போட்டார். அடிக்கவே இல்லை. மறுபடி போட்டார். பிறகு வாட்ஸ்அப்பில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, "அம்மா சொன்னதைக் கேக்காத. உடனே கெளம்பு" என்று அடித்து அனுப்பினார்.

ஒரே ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

சாக்லேட் உருகிய ஊர்

அந்தத் தீவை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த வருடம் கோடை விடுமுறையில் இருவரும் போய் வந்தோம். எனக்கு உள்ளே ஒரு திட்டம் இருந்தது. பேசிப் பேசி அவளைக் கையோடு கூட்டி வந்துவிடுவது. பி.எட். படிக்க வைத்து எங்கள் பள்ளியிலேயே சேர்த்துவிடுவது.

இங்கிருந்து வீட்டுச் சாக்லேட் இரண்டு கிலோ கொண்டுபோனேன். விமான நிலையத்திலிருந்து அவள் அறைக்குப் போவதற்குள் அது குழம்பாகிவிட்டது. அவள் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டாள். நான் கொண்டுபோன யூகலிப்டஸ் தைல பாட்டிலைத் திறந்து ஒரு முறை முகர்ந்துவிட்டு, மூடித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். நான் ஸ்வெட்டரும் எடுத்துப் போயிருந்தேன். ஊரைவிட்டுக் கிளம்பினால் ஸ்வெட்டர் எடுப்பது எங்கள் கைப்பழக்கம். ரிசார்ட்டின் வரவேற்பறையில் ஏ.சி.க்கு முன்னால் உட்கார்ந்தபோது மட்டும் அது உதவியது.

அப்படி ஒரு வெயில், அப்படி ஒரு வெளிச்சம். உதட்டை நக்கினால் உப்பு. படுக்கையில் மணல், சாப்பாட்டில் மணல், பல்லில் மணல். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் சும்மா கிடக்கிற காயல். இரண்டுக்கும் நடுவே ஊர் ஒரு ரிப்பன் மாதிரி. நான் பிறந்ததிலிருந்து ஏரியைப் பார்த்து வளர்ந்தவள். ஏரி ராத்திரியானால் தூங்கும். இந்தக் கடல் வாயை மூடவே இல்லை.

வீடுகளெல்லாம் உயரமான மரக்கால்களின் மேல் நின்றன. என் கணவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, இங்கயும் காட்டெருமை வருமா? கீழ பூந்து போறதுக்கா இப்படிக் கட்டியிருக்காங்க?" என்று கேட்டார்.

பியூலா சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். "காட்டெருமை இல்லப்பா. கடல் வரும்."

அன்று நாங்களும் சிரித்தோம்.

ஊரைக் காட்டவென்று அவள் எங்களைப் பாலத்துக்குக் கூட்டிப் போனாள். தீவையும் கரையையும் சேர்க்கிற பாலம் அது ஒன்றுதான். நடுவில் முதுகு தூக்கி நிற்கும். அதன் இரண்டு பக்கமும் ரோடு தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து போகும். நடுமுதுகில் நிறுத்தி, "இந்த ஊர்லயே உசரமான எடம் இதாம்மா. இதுக்கு மேல ஏற எடம் கெடையாது," என்றாள்.

இதையெல்லாம் பார்த்தவள்தான் நான். என் இரண்டு கண்ணால் பார்த்தவள். இருந்தும் ஜன்னலுக்கு வெளியே நம் மழை பெய்துகொண்டிருந்ததால், அவளுக்கு நம் ஊர்ச் சட்டத்தைச் சொல்லிவிட்டேன்.

கையோடு கூட்டி வரும் திட்டம் என்ன ஆனது என்கிறீர்களா? ஒரு நாள் அவள் வேலை பார்ப்பதைத் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். அறை பிடிக்கவில்லை என்று ஒருவர் வந்து மேஜையைத் தட்டினார். பியூலா குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. சீசன் நேரத்தில் வட்டக்கானலில் இறங்கி, "மிஸ்ட்டா இருக்கே, காசத் திருப்பிக் குடு," என்று சண்டை போடுகிறவர்களிடம் அவள் அப்பா நிற்பாரே, அதே நிற்பு. அதே மாதிரி தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டாள். பத்து நிமிடத்தில் அந்த மனிதர் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். விருந்தாளிகளை நம்பிப் பிழைக்கிற ஊரில் பிறந்த பிள்ளை என்று எனக்குள் ஒரு பெருமை வந்தது. அதை அவளிடம் சொல்லாமல், "பி.எட். அப்ளிகேஷன் ஜூன்ல தருவாங்க," என்றேன்.

"சரிம்மா, பாப்போம்," என்றாள்.

காதர் பாய் கேட்ட கேள்வி

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். விளக்கு வைக்கிற நேரத்தில் காதர் பாய் வந்தார். பஜாரில் குடையும் கம்பளியும் விற்கிறவர். என் கணவருக்கு முப்பது வருட சிநேகிதர். கடையைச் சாத்தி, தொழுகையை முடித்துவிட்டு, வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்க் நிறையச் சுக்குக் காபியோடு வந்தார்.

"விஷயம் கேள்விப்பட்டேன் டீச்சர். பிள்ளை பேசுச்சா?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "நான் சொன்னேன், அது சரின்னுருச்சு பாய். அங்கயே உக்காந்திருக்கும். நான் சொன்னதுக்காகவே உக்காந்திருக்கும்."

காதர் பாய் காபியை மூன்று டம்ளரில் ஊற்றினார். என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு கேப்பேன், கோவிக்கக் கூடாது. உங்க பிள்ள என்னைக்காச்சும் நீங்க சொன்னதக் கேட்டிருக்கா?"

என் கணவர் தலையைத் தூக்கினார்.

"டீச்சர் வேலைக்குப் படின்னீங்க. அது ஓட்டல் படிப்புக்குப் போச்சு. முடிய வெட்டாதன்னீங்க. என் கடை வாசல்ல பையன் கணக்கா வந்து நின்னு, 'மாமா, எப்படி இருக்கு?'ன்னு கேட்டுச்சு. நான் பயந்துட்டேன், இந்தக் கலவரத்துல எனக்கும் பங்கு வந்துருமோன்னு. அமெரிக்கா போகாதன்னு நீங்க மூணு நாள் சாப்பிடல. அது போயிட்டு, 'சாப்டியாம்மா'ன்னு போன் பண்ணுச்சு. அப்படிப்பட்ட பிள்ள இன்னைக்கு மட்டும் ஏன் டீச்சர் கேக்கப் போகுது?"

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அழுகைக்கு நடுவில் வந்த அந்தச் சிரிப்பு எனக்கே அசிங்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தை எந்தத் தாயும் செய்திருக்க மாட்டாள். என் மகள் என் பேச்சை மீறிய ஒவ்வொன்றையும் நினைவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். கணக்கு டியூஷனுக்குப் போகிறேன் என்று பேட்மிண்டன் ஆடப் போனதற்கு. என் தங்கை கொண்டுவந்த மாப்பிள்ளையை, "நல்ல பையன்தான், வேற யாருக்காச்சும் பாருங்க," என்று திருப்பி அனுப்பியதற்கு. எத்தனை முறை அவள் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் வழியில் போயிருக்கிறாள்! அப்போதெல்லாம் கொதித்த மனசு, இப்போது அந்த "சரிம்மா"க்களைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

ஆனால் ஒன்று மட்டும் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. மழை விஷயத்தில் அவள் மீறியதே இல்லை.

மன்னவனூர் கேரட்

காதர் பாய் போன பிறகு என் கணவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"பாலத்த மூடுறதுக்குள்ள வண்டி கெடச்சிருந்தா வந்திருவா. வண்டி கெடைக்கலன்னாலும்..." நிறுத்தினார். "அவளே ஓட்டிருவா."

"எதை?"

"வண்டிய."

"அவளுக்கு எங்க ஓட்டத் தெரியும்? கிரவுண்ட்ல ரெண்டு ரவுண்டு சுத்துனா, அம்புட்டுத்தானே?"

அவர் ஜன்னல் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தார். திருகிய விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

பியூலா காலேஜ் முடித்து வீட்டிலிருந்த மாதங்களில், சவாரி இல்லாத நாட்களில் இவர் மன்னவனூருக்குக் கேரட் ஏற்றப் போகிறேன் என்று வெள்ளனே கிளம்புவார். இவளும் கூடப் போவாள். பிள்ளைக்கு அப்பா மேல் எவ்வளவு பாசம் என்று நான் பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தேன். போகும்போது இவர் ஓட்டுவாராம். வரும்போது அவள் ஓட்டுவாளாம். அந்த வளைவுகளில், எதிரே வருவது மாடா லாரியா என்று தெரியாத பனிமூட்டத்தில்.

"கொன்னுருப்பேன் ரெண்டு பேரையும்," என்றேன்.

"தெரியும். அதான் சொல்லல."

"என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"மிஸ்ட் அடிச்சா லைட்ட ஏத்தாத, எறக்கு. தூரத்தப் பாக்காத, பக்கத்துல இருக்கிற கோட்டப் பாரு. தண்ணிக்குள்ள எறங்குனா ஆக்ஸிலேட்டர்லருந்து கால எடுக்காத, வெரசாவும் போகாத." போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "அங்க போயி லைசென்ஸும் எடுத்துட்டா. அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பான்னா."

முப்பது வருடக் குடும்பத்தில் இவ்வளவு பெரிய திருட்டை அவர் செய்ததில்லை. எழுந்து போய் அரை வேக்காட்டுப் பீன்ஸை மறுபடி அடுப்பில் வைத்தேன். அவருக்குச் சோறு போட்டேன். அவ்வளவுதான் என்னால் காட்ட முடிந்த மன்னிப்பு.

போனில் அதே ஒற்றை டிக்.

ஆமென் சொல்லாத ஞாயிறு

மறுநாள் காலை ஆராதனைக்குப் போனோம். பாலத்தை மூடிவிட்டார்கள் என்பதும், புயல் கரையேறிவிட்டது என்பதும் அதற்குள் செய்தியில் வந்துவிட்டது. ஒரு தெருவில் கார்கள் மிதப்பதைக் காட்டினார்கள். அந்தத் தெருவில் ஐஸ்க்ரீம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

போனைச் சேலைத் தலைப்புக்குள் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்வதாக நினைக்காதீர்கள், அன்றைய பிரசங்கம் கீழ்ப்படிதலைப் பற்றியது. பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்தால் வாழ்வு நீளும் என்று போதகர் சொன்னார். சபை முழுவதும் ஆமென் என்றது. நான் சொல்லவில்லை.

என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம், மழை விட்டு மேற்கே கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"அம்மா, நான்தான். நல்லா இருக்கேன். பாலத்த தாண்டிட்டேன். ஒரு ஸ்கூல்ல தங்க வச்சிருக்காங்க. என் போன் நனைஞ்சு போச்சு."

என் கணவர் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"எதுல வந்த?"

"ஓட்டல் வேன்லப்பா."

"யாரு ஓட்டுனா?"

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கா. அவளுக்கு எல்லாம் தெரியும். சொல்லு."

"நான்தான்ப்பா."

அதற்குள் அங்கே யாரோ போனைப் பிடுங்கினார்கள். ஒரு வயதான பெண்ணின் குரல். அது இங்கிலீஷும் இல்லை, எனக்குத் தெரிந்த வேறெந்த மொழியும் இல்லை. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஒரு நிமிடம் பேசினார். எனக்கு விளங்கியது ஒரே ஒரு சொல்தான். பியூலா, பியூலா, பியூலா. பின்னால் வேறு பெண்களின் குரல்களும் அதே பேரைச் சொல்லிச் சிரித்தன.

நான் வைத்த பேர் அது. உலகத்தின் அந்தக் கோடியில், தெரியாத வாய்கள் அதைச் சொல்லிக் கேட்டபோது, முதல் தடவை அந்தப் பேரைக் கேட்கிற மாதிரி இருந்தது. என் கணவர் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

பஜாரில் வளர்ந்த வேன்

நடந்ததைப் பிறகு வந்த போன்களில் துண்டு துண்டாகச் சொன்னாள். விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு போன பஸ் திரும்பி வந்து வேலைக்காரர்களை ஏற்றும் என்றார்களாம். அது திரும்பவில்லை. வழியில் தண்ணீர். சொந்த வண்டி இருந்தவர்கள் குடும்பத்தோடு போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. சலவைப் பிரிவிலும் சமையலிலும் வேலை பார்க்கிற பதினொரு பெண்கள், பையும் கையுமாக முன்வாசலில் நின்றிருக்கிறார்கள். ஓட்டல் வேன் ஒன்று நின்றது. ஓட்ட ஆளில்லை.

"சாவி என் டெஸ்க்லதாம்மா கெடந்துச்சு," என்றாள், என்னமோ அதுதான் காரணம் என்பது போல. மேலாளரிடம் போனில் கேட்டுவிட்டு எடுத்தாளாம்.

பாலத்துக்கு முன்னால் தாழ்ந்த ரோடு காயல் தண்ணீருக்குள் போய்விட்டிருந்தது. மழையில் எதிரே எதுவும் தெரியவில்லை. அவள் விளக்கை இறக்கிக்கொண்டாள். ரோட்டோரக் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே, காலை எடுக்காமல் ஓட்டினாள். நடுமுதுகில் ஏறியதும் பின்னால் இருந்த பெண்கள் பாட ஆரம்பித்துவிட்டார்களாம். அவள் கரையிறங்கிக் கொஞ்ச நேரத்தில் பாலத்தை மூடிவிட்டார்கள்.

இந்தக் கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை. காதர் பாயிடம் மட்டும் சொன்னேன். அதாவது, கொடைக்கானல் முழுவதற்கும் சொன்னேன். பஜாரில் பதினொரு பேராகக் கிளம்பிய வேன், ஏரிக்கரைக்குப் போகும்போது முப்பது பேரை ஏற்றிவிட்டது. மன்னவனூரில் கேரட்காரர் என் கணவரிடம், "உங்க மக ஒரு பஸ்ஸையே பாலத்து மேல தூக்கிட்டுப் போச்சாமே," என்று கேட்டாராம். இவர் இல்லையென்று மறுக்கவில்லை. "நம்ம ரோட்டுல பழகுன கையாச்சே," என்று மட்டும் சொன்னாராம்.

எனக்கும் பெருமை இல்லாமல் இல்லை. ஸ்டாஃப் ரூமில் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். கேட்டபோது, "அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்று ஆரம்பித்து, மணி அடித்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் ஒரு கேள்வியை மட்டும் போனில் கேட்கத் தைரியம் வரவில்லை. காலையிலேயே காலி செய்யச் சொன்னார்கள். அவள் கிளம்பியதோ பாலம் மூடுகிற நேரத்தில். நடுவில் போன அந்த நேரமெல்லாம் என் பேச்சால் போனதா? இப்போதும் மழை பிடித்தால் என் கை போனைத் தேடுகிறது. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

வேன் வந்து நின்றது

ரிசார்ட்டைப் பழுது பார்க்க மூடிவிட்டார்கள். சில வாரங்கள் கழித்து பியூலா ஊருக்கு வந்தாள். மதுரை விமான நிலையத்துக்கு அவள் அப்பா வேனோடு போனார்.

அவர்கள் மலையேறுகிற நேரம் பார்த்து மழை பிடித்தது. நான் போன் போட்டேன். "பெருமாள்மலையில நின்னுருங்க, ரோட்டுல ஏறாதீங்க," என்று சொல்லத்தான். ஏற்கெனவே ரோட்டில் இருக்கிறவர்களிடம் அதைச் சொல்லி என்ன பயன் என்று தெரிந்தேதான் போட்டேன். இவர் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

காதர் பாய் கடையிலிருந்து பெரிய குடை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என்னோடு ரோட்டோரம் நின்றார். "எடுக்கலன்னா நல்லதுதான் டீச்சர்," என்றார். "வண்டி ஓட்டுறவங்க போன எடுக்கக் கூடாது."

"ஓட்டுறது அவரு. பிள்ளையாச்சும் எடுக்கலாம்ல?"

பாய் குடையை என் பக்கம் சாய்த்தார்.

பனிமூட்டத்துக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. தாழ்த்தி வைத்த விளக்குகள். எங்கள் வேன் மெல்ல மெல்ல வந்து வாசலில் நின்றது. இடப்பக்கத்துச் சீட்டில் என் கணவர், மடியில் அவளுடைய கைப்பையை வைத்துக்கொண்டு, பெண் வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருந்தார். வலப்பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு பியூலா இறங்கினாள். வெயிலில் கறுத்திருந்தாள். தலைமுடி இன்னும் குட்டையாக இருந்தது.

துண்டு எடுத்து வைத்திருந்தேன். மழையில் ரோட்டில் ஏறி வந்தவளுக்கு. தலையைத் துவட்டிக்கொண்டே, இத்தனை வாரம் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு அவ்வளவு லேட்டா கெளம்புனியே. நான் சொன்னதாலயாடி?"

"லேட்டானது வேன்ல வந்த அந்த அக்காங்களுக்காகம்மா. பஸ் வரும் வரும்னு நின்னோம்," என்றாள் துண்டுக்குள்ளிருந்து. பிறகு துண்டை விலக்கி என்னைப் பார்த்தாள்.

"நீ சொன்னது காதுலயேதான் இருந்துச்சு. அதாம்மா மெதுவா ஓட்டுனேன்."